கிணறும் கையொப்பமும்: மகளிர் தொழில் நிலைபெறும் வழி

பகவான் ஆதிநாதர் மாந்தர்க்கு வாழ்க்கை நெறி வகுத்தருளிய வரலாற்றை ஆதிபுராணமும் தமிழில் ஸ்ரீபுராணமும் விரித்துரைக்கின்றன. வாள், எழுத்து, உழவு, வித்தை, வணிகம், சிற்பம் என ஆறு தொழில்களை அவர் கற்பித்தார். தம் புதல்வியர் இருவரையும் அருகில் இருத்தி, பிராமிக்கு எழுத்தையும் சுந்தரிக்கு எண்ணையும் பயிற்றினார். தொழில் நடத்துவதற்கு வேண்டும் அடிப்படைக் கருவிகள் இரண்டும், ஆவணம் எழுதும் எழுத்தும் கணக்கு வைக்கும் எண்ணும், முதலில் பெண்மக்கள் கையில்தான் வழங்கப்பெற்றன என்பது சமண மரபு போற்றும் செய்தி.

அந்த ஆதிநாதர்க்குப் புழலில் பழமையான ஆலயம் ஒன்று உள்ளது. அங்கிருந்து தென்மேற்கே சிறிது தொலைவு சென்றால் அம்பத்தூர், ஆவடி, பூவிருந்தவல்லி என்று நீளும் தொழில் நிலம் தொடங்குகின்றது. வந்தவாசி, ஆரணி, செய்யாறு, திண்டிவனம் வட்டங்களின் ஊர்களை விட்டுச் சென்னைக்குக் குடிபெயர்ந்த தமிழ்ச் சமணக் குடும்பங்களுக்கு இது அறிமுகமான நிலமே. இங்குத் தொழில் தொடங்கும் பெண்களுக்கு அறிவுரை கூறுவோர் பெரும்பாலும் துணிவையும் விடாமுயற்சியையுமே வற்புறுத்துகின்றனர். வரலாறு சொல்வது வேறு. துணிவு பெண்களுக்கு எக்காலத்தும் குறைந்ததில்லை. தம் பெயரில் உடைமை, தம் கையில் கணக்கு, தம்மையொத்தாரின் கூட்டு, உரிய நாளில் வந்து சேரும் விலை ஆகிய இவை அமைந்தபோது அவர்தம் முயற்சிகள் நிலைத்தன; அமையாதபோது சிதைந்தன.

குரத்தியார் கண்ட நிறுவனம்

தமிழகச் சமணப் பெண்டுறவியரைக் கல்வெட்டுகள் குரத்தியார் என்று குறிக்கின்றன. கழுகுமலைப் பாறையில் கி.பி. 8, 9ஆம் நூற்றாண்டுகளில் செதுக்கப்பெற்ற தீர்த்தங்கரர் திருமேனிகள் பலவற்றைச் செய்வித்தோர் வரிசையில் குரத்தியாரும் அவர்தம் மாணாக்கியரும் இடம்பெறுகின்றனர். வந்தவாசிப் பகுதியைச் சேர்ந்த வேடல் என்னும் ஊரில், முதலாம் ஆதித்த சோழனின் 14ஆம் ஆட்சியாண்டைச் சார்ந்த கல்வெட்டு ஒன்று, குணகீர்த்தி பட்டாரரின் மாணாக்கியாகிய கனகவீரக் குரத்தியாரையும் அவரிடம் பயின்ற 500 மாணாக்கியரையும் குறிப்பிடுகின்றது. அவர்களுக்கும் 400 தவசியர்க்கும் இடையே பூசல் எழுந்தபோது, குரத்தியாரையும் மாணாக்கியரையும் காத்து உணவளிக்கும் பொறுப்பை ஊரார் ஏற்றுக்கொண்டனர். ஐந்நூற்றுவர்க்கு நாள்தோறும் உணவும் உறையுளும் கல்வியும் அமைத்தல் எளிய செயலன்று. கற்றறிந்த தலைமையும் அதற்கு வேண்டும்; பூசல் நேர்ந்தபோது துணைநிற்கும் ஊரும் வேண்டும்.

ஆற்காட்டை அடுத்த விளாப்பாக்கத்துக் கல்வெட்டு இன்னும் தெளிவானது. முதலாம் பராந்தக சோழனின் 38ஆம் ஆட்சியாண்டில், அதாவது கி.பி. 945 அளவில், திருப்பான்மலை அரிஷ்டநேமி பட்டாரரின் மாணாக்கியாகிய பட்டினிக் குரத்தியடிகள் அவ்வூரில் கிணறு ஒன்று தோண்டுவித்தார். அக்கிணறும் ஒரு மனையும் பெண்பள்ளியாக அமைந்தன. அவற்றைக் கண்காணிக்கும் பொறுப்பு இருபத்துநால்வர் என்னும் குழுவினரிடம் ஒப்படைக்கப்பெற்றது. இச்செய்தியைச் சமயக் கொடை என்று மட்டும் படித்துக் கடந்துவிடலாகாது. ஒரு பெண் உடைமையை உருவாக்குகின்றார். அதன் பயன் யாருக்கு என்பதை வரையறுக்கின்றார். கண்காணிப்போர் யாவர் என்பதைக் கல்லில் எழுதி வைக்கின்றார். ஒருவர் காலத்தோடு முடிந்துபோகாத நிறுவனத்துக்கு வேண்டும் உறுப்புகள் அனைத்தும் இதில் உள்ளன.

துறவியர் மட்டுமல்லர், இல்லறத்தாரும் இவ்வாறே தம் பெயர் நிற்கச் செய்தனர். திருமலையில், முதலாம் இராசேந்திர சோழன் காலத்தில், நன்னப்பயன் என்னும் வணிகனின் மனைவி சாமுண்டப்பை குந்தவை ஜிநாலயத்தில் நந்தாவிளக்கு எரிய 20 காசும் திருவமுதுக்கு 10 காசும் கொடுத்தார். வணிகன் மனைவி என்று அறிமுகப்படுத்தும் கல்வெட்டு, கொடையாளி என்று அவரையே பெயர் சுட்டுகின்றது. அவர் பெயர் இன்றும் அங்கு நிற்கின்றது.

சட்டம் திறந்த கதவு

கல்லில் பெயர் பொறித்த மரபினர்க்கும், பிற்காலத்தில் ஆவணத்தில் பெயர் இல்லாத நிலை வந்தது. 1874ஆம் ஆண்டு இயற்றப்பெற்ற மணமான பெண்டிர் சொத்துச் சட்டம், மணமான பெண் தன் உழைப்பாலும் தொழிலாலும் ஈட்டிய பொருள் அவளுக்கே உரியது என்று அறிவித்தது. ஆயினும் அதே சட்டம் இந்து, முகமதிய, பௌத்த, சீக்கிய, சமண சமயங்களைச் சார்ந்த பெண்களுக்கு இது பொருந்தாது என்று விலக்கியும் வைத்தது. இந்நாட்டுப் பெண்களில் மிகப் பெரும்பாலோர் இதனால் அச்சட்டத்தின் பயனைப் பெறவில்லை.

1956ஆம் ஆண்டின் இந்து வாரிசுரிமைச் சட்டம் சமணர்க்கும் பொருந்துவது. அதன் 14ஆம் பிரிவு, பெண்ணின் கையில் உள்ள சொத்து அவளுக்கு முழுவுரிமை உடையது என்று நிலைநாட்டிற்று. 1989ஆம் ஆண்டு மார்ச் 25 முதல் நடைமுறைக்கு வந்த தமிழ்நாட்டுத் திருத்தம், அந்நாள்வரை மணமாகாத மகளிர்க்குக் கூட்டுக் குடும்பச் சொத்தில் மகனுக்குச் சமமான பங்கை வழங்கியது. 2005ஆம் ஆண்டின் நடுவணரசுத் திருத்தம் மணமானோர், ஆகாதோர் என்னும் வேறுபாட்டை நீக்கியது. 2020 ஆகஸ்டு 11ஆம் நாள் வினீதா சர்மா வழக்கில் உச்ச நீதிமன்றம் அளித்த தீர்ப்பு, இவ்வுரிமை பிறப்பால் வருவது என்றும், 2005இல் தந்தை உயிரோடு இருந்திருக்க வேண்டும் என்னும் நிபந்தனை இல்லை என்றும் தெளிவாக்கியது.

வாரிசுரிமைச் சட்டத்துக்கும் தொழிலுக்கும் தொடர்பு என்ன என்று வினவலாம். வங்கி பெருங்கடன் தர ஈடு கேட்கின்றது. ஈடு என்பது நடைமுறையில் நிலமும் வீடும். வேளாண் குடிகளாகிய தமிழ்ச் சமணரிடையே நிலம் உண்டு. அது மகளின் பெயரில் இருப்பது அரிது. மணமான சில ஆண்டுகளில் உடன்பிறந்தார் கேட்க, விடுதலைப் பத்திரத்தில் மகள் கையொப்பமிட்டுத் தன் பங்கை விட்டுக்கொடுப்பது பல குடும்பங்களில் பாசத்தின் அடையாளமாகவே கருதப்படுகின்றது. பத்து ஆண்டுகள் கழித்து அவள் ஒரு பட்டறை தொடங்க முனைந்து வங்கி வாயிலில் நிற்கும்போது, அந்தக் கையொப்பத்தின் விலை அவளுக்குத் தெரிய வருகின்றது. ஈடின்றிக் கடன் பெறுவதற்கு 2000ஆம் ஆண்டில் கடன் உத்தரவாத நிதியம் ஏற்படுத்தப்பெற்றதும், 2025 ஏப்ரல் முதல் தமிழக அரசு பெண்கள் பெயரில் பதியப்படும் 10 லட்சம் ரூபாய் வரையிலான சொத்துகளுக்குப் பதிவுக் கட்டணத்தில் 1 விழுக்காடு குறைத்ததும் இக்குறையை ஓரளவு ஈடுசெய்யும் முயற்சிகளே.

பேட்டைகள் எழுந்த நிலம்

சென்னையின் மேற்குப் புறம் ஏரிகளும் வயல்களும் சூழ்ந்த ஊர்களாக இருந்த நிலை மாறிய காலம் விடுதலையை ஒட்டியது. 1949இல் நிறுவப்பெற்ற டி.ஐ. சைக்கிள்ஸ் அம்பத்தூரில் மிதிவண்டித் தொழிலைத் தொடங்கியது. 1955 சனவரியில் ஆவடியில் கூடிய காங்கிரசு மாநாடு சமதர்மப் பாங்கான சமுதாயம் என்னும் இலக்கை அறிவித்தது. 1959இல் டன்லப் டயர் ஆலை அம்பத்தூரில் எழுந்தது. 1961இல் ஆவடியில் கனரக வாகனத் தொழிற்சாலை அமைந்தது. 1965இல் விஜயந்தா பீரங்கி வண்டி அங்கு உருவாகி வெளிவந்தது. பெருந்தொழிற்சாலைகளுக்கு உதிரிப் பொருள் செய்து தரும் சிறு பட்டறைகள் பெருகின. 1964இல் அம்பத்தூர்த் தொழிற்பேட்டை தொடங்கப்பெற்றது. 1970இல் சிட்கோ நிறுவனம் தோன்றியபின் சிறுதொழிற்பேட்டைகள் அதன் பொறுப்பில் வந்தன. பூவிருந்தவல்லியை அடுத்த திருமழிசையிலும் சிட்கோ பேட்டை அமைந்தது.

இப்பட்டறைகளில் தொழில் கற்கும் முறை ஆண்களுக்கே இசைவாக இருந்தது. கடைசல் எந்திரத்தின் அருகில் எடுபிடியாக நுழைந்து, இரவுப் பணியில் மேற்பார்வையாளரிடம் நுணுக்கம் பயின்று, பின்னர்த் தனியே ஒரு கொட்டகை பிடித்து முதலாளியானோர் பலர். பெண்ணுக்கு அந்த ஏணியின் முதற்படியே எட்டவில்லை. 1948ஆம் ஆண்டின் தொழிற்சாலைச் சட்டம் பெண்களை இரவுப் பணியிலிருந்து விலக்கியிருந்தது. அந்தத் தடை செல்லாது என்று சென்னை உயர்நீதிமன்றம் கூறியது 2000ஆம் ஆண்டு டிசம்பரில்தான். ஆகவே பெண்கள் இப்பகுதிக்குள் தொழிலாளராகவும், ஆயத்த ஆடை, பொதிகட்டுதல், உணவுப் பொருள் ஆகியவற்றின் சிறு உற்பத்தியாளராகவும் நுழைந்தனர்.

இந்நிலையில் அம்பத்தூர்க்கும் ஆவடிக்கும் இடைப்பட்ட திருமுல்லைவாயிலில், பெண் தொழில்முனைவோர்க்கென்றே சிட்கோ ஒரு தொழிற்பேட்டை அமைத்தது குறிப்பிடத்தக்கது. தனிப் பேட்டை எதற்கு என்று கேட்போர் உண்டு. குடியிருப்பின் பின்கட்டில் நடக்கும் தொழிலுக்குத் தொழில்முனை மின்னிணைப்பும், சரக்குந்து நிற்கும் இடமும், கொள்முதல் அலுவலர் வந்து பார்க்கத்தக்க முகவரியும் கிடைப்பதில்லை. மனை பெண்ணின் பெயரில் ஒதுக்கப்பெறும்போது இவை மூன்றும் கிடைக்கின்றன. அடுத்த கொட்டகையில் தம்மைப் போன்ற இன்னொருவர் இருப்பதும் பெரும்பயன் தருவது: தகடு எங்கு மலிவு, எந்த நிறுவனம் பணத்தை இழுத்தடிக்கும், எந்தத் தணிக்கையாளர் நம்பத்தக்கவர் என்னும் செய்திகள் வேலிக்கு இருபுறமும் நின்றே பரிமாறப்படுகின்றன. ஐதராபாத்தில் 1993இல் ரமாதேவி அவர்கள் முன்னின்று தொடங்கிய அலீப் என்னும் பெண் தொழில்முனைவோர் சங்கம், காஜுலராமாரத்தில் தானே ஒரு மகளிர் தொழிற்பேட்டையை உருவாக்கியது. ஆங்குச் சங்கம் முந்தியது, பேட்டை பிந்தியது. மனை ஒதுக்கீடு அரசின் கையில் உள்ளது. சங்கம் அமைப்பது பெண்களின் கையில் உள்ளது.

முதலும் கடனும்

2013ஆம் ஆண்டின் ஆறாம் பொருளாதாரக் கணக்கெடுப்பு, இந்தியாவில் பெண்கள் உரிமையாளராக உள்ள நிறுவனங்கள் ஏறத்தாழ 80.5 லட்சம் என்று கண்டது. மொத்த நிறுவனங்களில் இது 13.76 விழுக்காடு. அவ்வாறான நிறுவனங்களின் எண்ணிக்கையில் தமிழ்நாடே முதலிடம் பெற்றது. பெருமைக்குரிய அச்செய்தியின் அருகிலேயே வேறு இரு செய்திகளும் உள்ளன. அந்நிறுவனங்களில் 83 விழுக்காடு கூலியாள் ஒருவருமின்றி நடப்பவை. ஏறத்தாழ 79 விழுக்காடு சொந்தப் பணத்திலேயே இயங்குபவை. தொடங்குவோர் பலர், வளர்வோர் சிலர் என்பதன் காரணம் இவ்விரு எண்களிலும் அடங்கியுள்ளது.

கடன் வாயில் பெண்களுக்குத் திறந்த வரலாறு, பெண்களே அதைத் தட்டித் திறந்த வரலாறாகும். அகமதாபாத்தில் 1974இல் சேவா அமைப்பின் பெண்கள் 4,000 பேர் தலைக்கு 10 ரூபாய் இட்டுத் தமக்கெனக் கூட்டுறவு வங்கி கண்டனர். எழுத்தறியாதவர் கையொப்பமிட இயலாமையால், ஒளிப்படம் ஒட்டிய கணக்கேடு அவர்களுக்கு அடையாளமாயிற்று. சென்னையில் 1978இல் ஜெயா அருணாசலம் தொடங்கிய உழைக்கும் பெண்கள் அமைப்பு, முதலில் தெருவோர வணிகப் பெண்களுக்கு வங்கிக் கடன் பெற்றுத் தர முயன்றது. அம்முறையின் தாமதங்களைக் கண்டு 1981இல் தனக்கெனக் கூட்டுறவுச் சங்கம் அமைத்துக்கொண்டது. 1983இல் தமிழ்நாடு மகளிர் மேம்பாட்டு நிறுவனம் தோன்றியது. 1989இல் தருமபுரியில் அது தொடங்கிய சுய உதவிக் குழு முறை பின்னர் மகளிர் திட்டமாக மாநிலமெங்கும் பரவியது. 1992இல் நபார்டு வங்கி 500 குழுக்களை வங்கிகளோடு இணைக்கும் சோதனைத் திட்டத்தைத் தொடங்கியது.

இவை அனைத்திலும் பொதுவாக இருந்த பழக்கம் ஒன்று உண்டு. வாரந்தோறும் அல்லது மாதந்தோறும் கூடி, வரவும் செலவும் எல்லார் முன்னிலையிலும் படிக்கப்பெற்றன. கடன் தவணை தவறாமைக்கு ஈட்டைவிட இப்பழக்கமே காவலாயிற்று. விளாப்பாக்கத்து இருபத்துநால்வர் ஆற்றிய கண்காணிப்பும் இவ்வகையினதே.

விலையும் கெடுவும்

சரக்கு விற்றும் தொழில் நலிவது உண்டு. ஒரு கணக்கால் இதனை விளக்கலாம். மாதந்தோறும் 2 லட்சம் ரூபாய்க்கு 30 நாள் தவணையில் மூலப்பொருள் வாங்கி, 1 லட்சம் ரூபாய் கூலி கொடுக்கும் ஒரு சிறு பட்டறையைக் கருதுக. மாத முடிவில் அனுப்பும் சரக்குக்கு விலை 120 நாள் கழித்து வருமாயின், முதல் விலை கைக்கு வருமுன் உரிமையாளர் 12 லட்சம் ரூபாய் செலவழித்திருப்பார். 45 நாளில் வருமாயின் 6 லட்சம் போதும். இலாபம் இரு நிலையிலும் ஒன்றே. சொந்தப் பணத்தில் தொழில் நடத்துவோர் முதல் நிலையில் நகையை அடகு வைக்கின்றனர். இரண்டாம் நிலையில் தலைநிமிர்ந்து நிற்கின்றனர்.

2006ஆம் ஆண்டின் குறு, சிறு, நடுத்தரத் தொழில் நிறுவனங்கள் வளர்ச்சிச் சட்டம், குறு, சிறு உற்பத்தியாளர்க்கு உரிய விலையை 45 நாளுக்குள் தரவேண்டும் என்று விதித்தது. தவறினால் ரிசர்வ் வங்கி அறிவிக்கும் வங்கி வீதத்தைப் போல் மும்மடங்கு கூட்டுவட்டி தரவேண்டும். முறையீட்டைக் கேட்க மாநிலந்தோறும் வசதியாக்கல் மன்றங்கள் உள்ளன. காலக் கெடு கடந்த தொகையைப் பணம் கொடுத்த ஆண்டில்தான் செலவாகக் காட்டலாம் என்னும் வருமான வரித் திருத்தம் 2024 ஏப்ரல் முதல் நடைமுறைக்கு வந்தபின், வாங்குவோரும் கெடுவை எண்ணிப் பார்க்கத் தொடங்கினர். இப்பாதுகாப்பைப் பெற உதயம் பதிவும், சரக்கு ஒப்படைத்த நாளைக் காட்டும் ஆவணமும் வேண்டும்.

வாங்குவோரைத் தேடுவதிலும் அரசாணை துணைபுரிகின்றது. நடுவணரசுத் துறைகளும் பொதுத்துறை நிறுவனங்களும் தம் கொள்முதலில் ஒரு பங்கைக் குறு, சிறு நிறுவனங்களிடம் பெறவேண்டும் என்று 2012இல் ஆணை பிறந்தது. 2018இல் அப்பங்கு 25 விழுக்காடாக உயர்ந்தது. அதனுள் 3 விழுக்காடு பெண்கள் உரிமையாளராக உள்ள நிறுவனங்களுக்கு ஒதுக்கப்பெற்றது. ஆவடிக் கனரக வாகனத் தொழிற்சாலை 2021 அக்டோபர் 1 முதல் ஆவடியையே தலைமையிடமாகக் கொண்ட பொதுத்துறை நிறுவனத்தின் கீழ் இயங்குகின்றது. ஆகவே இவ்வாணை மேற்குச் சென்னைப் பெண்களுக்கு வீட்டு வாயிலில் உள்ள வாய்ப்பு.

பெயரளவு உரிமை

ஒதுக்கீடும் மானியமும் வந்தபின் ஒரு பிழையும் உடன் வந்தது. நிறுவனம் மனைவியின் பெயரில் பதியப்படுகின்றது. காசோலைப் புத்தகத்தில் அவள் முன்னதாகவே கையொப்பமிட்டுக் கொடுக்கின்றாள். தொழில் நடத்துபவர் வேறொருவர். கடன் தவறினால் நோட்டீசு அவள் பெயருக்கு வருகின்றது. காசோலை திரும்பினால் வழக்கும் அவள் மீதே. 2016 ஏப்ரல் 5ஆம் நாள் தொடங்கப்பெற்ற ஸ்டாண்ட் அப் இந்தியா திட்டம், நிறுவனங்களில் பெண்ணின் பங்கு 51 விழுக்காட்டுக்குக் குறையலாகாது என்று விதித்தது. பங்கைக் காகிதத்தில் எழுதிவிடலாம். பொறுப்பை அவ்வாறு எழுத இயலாது.

சமண இல்லறத்தார்க்கு இது வெறும் சட்டச் சிக்கலன்று. தத்வார்த்த சூத்திரம் வாய்மை அணுவிரதத்தின் ஐந்து அதிசாரங்களில் ஒன்றாகக் கூடலேகக் கிரியையைச் சொல்கின்றது. பொய்யாவணம் எழுதுதல் என்பது அதன் பொருள். உரிமையாளர் அல்லாதவரை உரிமையாளர் என்று எழுதிச் சலுகை பெறுதல் அதனின் வேறாகாது. ஒதுக்கப்பெற்ற மனையும் கொள்முதலும் உண்மையில் தொழில் நடத்தும் மற்றொரு பெண்ணுக்குச் சேரவேண்டியவை என்பதால், கள்ளாமை விரதத்துக்கும் அது பழுதாகின்றது. சில குடும்பங்களில் பெயரளவில் உரிமையாளராகிய பெண்ணே, கணவர் நோயுற்றபோதோ இறந்தபோதோ ஒரே நாளில் தொழிலை ஏற்க நேர்கின்றது. கணக்கை முன்பே அறிந்தவர் அதை ஏற்று நடத்துகின்றார். அறியாதவர் எந்திரங்களை வந்த விலைக்கு விற்கின்றார்.

இல்லமும் அறக்கட்டளையும்

தொழிற்சாலைச் சட்டம் பெண் தொழிலாளர் 30 பேருக்கு மேல் உள்ள இடத்தில் குழந்தைகள் காப்பகம் வேண்டும் என்றது. மூன்று கூலியாட்களோடு பட்டறை நடத்தும் பெண் உரிமையாளரின் குழந்தைக்கு எந்தச் சட்டமும் காப்பகம் வகுக்கவில்லை. அவ்விடத்தை நிரப்புவது மாமியாரும் தாயாரும் கணவருமே. அந்தி மறையுமுன் உணவு முடிக்கும் இல்லங்களில், மாலை நான்கு மணி முதல் ஆறு மணி வரை அடுக்களையில் பெண்ணின் கை தேவைப்படுகின்றது. சரக்கு ஏற்றுவதும் வங்கி அழைப்பு வருவதும் பெரும்பாலும் அந்நேரமே. நோன்பைக் காக்கும் கடமை குடும்பம் முழுவதற்கும் உரியதாகையால், அடுக்களைப் பணியும் குடும்பம் முழுவதற்கும் உரியதாதல் முறை.

சமூக அறக்கட்டளைகளுக்கும் இதில் பணி உண்டு. ஆலய விழாக்களுக்கு மலர், பூசைப் பொருள், உணவு, அச்சுப் பணி, ஆடை எனப் பலவும் வாங்கப்படுகின்றன. அவற்றுள் ஒரு பங்கைப் பெண்கள் நடத்தும் நிறுவனங்களிடம் பெற்று, விழா முடிந்த 45 நாளுக்குள் விலை கொடுத்துவிடுதல் எந்த அறக்கட்டளைக்கும் இயலுவதே. ஆண்டுக்கு ஒருமுறை பெண் தொழில்முனைவோர் கூடிக் கணக்கும் சட்டமும் பேச ஆலய மண்டபத்தில் இடம் தரலாம். விடுதலைப் பத்திரத்தில் கையொப்பம் கேட்கப்படும் மகளுக்கு, இடுமுன் அதன் பொருளை எடுத்துரைக்கும் பெரியோர் ஒருவர் ஒவ்வோர் ஊரிலும் இருக்கலாம். பட்டினிக் குரத்தியடிகளின் கிணறு ஊர் பார்க்க எழுதி வைக்கப்பெற்றது. மகளிர் உடைமையும் அவ்வாறே வெளிப்பட எழுதப்பெற்று, அவர்கள் கையாலேயே கணக்கு வைக்கப்பெறுமாயின், சுந்தரிக்கு ஆதிபகவன் பயிற்றிய எண் பயன்பெறும்.